பழைய கேமரா, கறுப்பு வெள்ளை முகம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஃபிலிம் கேமராவில் கறுப்பு வெள்ளை முகப்படம் எடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை யாஷிகா மேட் 124ஜி என்ற இரட்டை லென்ஸ் கேமராவைப் பற்றியவை. ஆகவே பதில்களும் அதைச் சுற்றியே இருக்கின்றன. வெளிச்சம், தூரம், டெவலப்பிங் பற்றிச் சொல்வதெல்லாம் எந்தக் கேமராவுக்கும் பொருந்தும்.

கேள்வி (காரைக்குடி): தாத்தாவின் யாஷிகா மேட் 124ஜி பரணில் தோல் உறையோடு கிடைத்தது. கைப்பிடி சுற்றுகிறது, ஷட்டர் சத்தம் கேட்கிறது. நேராக ஃபிலிம் போட்டுவிடலாமா?

வேண்டாம். அரை மணி நேரம் சோதித்தால் ஒரு ரோல் மிச்சமாகும்.

முதலில் அந்தத் தோல் உறையைக் கழற்றித் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். லென்ஸில் பூஞ்சை வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரம்; எஃப் எண் குறையக் குறைய அது பெரிதாகும்) எஃப் 3.5க்கு முழுதாகத் திறந்து, கீழ் லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கிளைவிட்ட மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் ஒன்றிரண்டு இழை இருப்பதால் முகப்படம் கெடாது. லென்ஸ் முழுக்கச் சீரான வெண்மூட்டம் இருந்தால்தான் தொல்லை, கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். அதைப் பிரித்துத் துடைக்க வேண்டும்.

அடுத்து ஷட்டர். 1 விநாடி முதல் 1/500 வரை இதில் உண்டு. வேகம் குறைந்த எண்களில்தான் கோளாறு முதலில் தெரியும். உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். 1 விநாடியில் வைத்துத் தட்டினால் 'கிர்ர்' என்ற ஓசை பாதியில் நிற்கும், அல்லது இழுத்துக்கொண்டே போகும். ஃபோனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருந்தால், பின்கதவைத் திறந்து கேமராவை ஜன்னலுக்கு எதிரே பிடித்து, லென்ஸ் திறப்பதைப் படம்பிடியுங்கள். 1/30க்கு 8 ஃபிரேம், 1/60க்கு 4 ஃபிரேம் திறந்திருக்க வேண்டும். 8க்குப் பதில் 12 வந்தால் அரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது.) நெகட்டிவ் ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும். 1/60க்கு மேல் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். முகப்படத்துக்கு 1/60, 1/125 இரண்டும் சரியாக இருந்தாலே வேலை நடக்கும். ஷட்டர் இதழ்களில் சொட்டு எண்ணெய் விடுவது, பெட்ரோல் ஊற்றுவது இரண்டும் கேமராவைக் கொல்லும் வைத்தியம். செல்ஃப் டைமர் நெம்புகோலைத் தொடவே வேண்டாம். பழைய ஷட்டர்களில் அது பாதி வழியில் மாட்டிக்கொண்டால் ஷட்டரே முடங்கும். 1/500 வேண்டுமானால் கைப்பிடியைச் சுற்றும் முன்பே வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஃபோகஸ். மேல் லென்ஸில் நீங்கள் பார்ப்பதும், கீழ் லென்ஸ் படம் பிடிப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, 1 மீட்டர் தள்ளி ஒரு செய்தித்தாளை நிறுத்துங்கள். மேலே உருப்பெருக்கியில் எழுத்தைக் கூர்மையாக்கிவிட்டு, ஷட்டரை 'பி'யில் கேபிளால் (ஷட்டரை அழுத்தும் நீளக் கம்பி) பூட்டி, ட்ரேசிங் பேப்பரில் அதே எழுத்து கூர்மையாக விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். லென்ஸ் பலகையைச் சரிசெய்வது வீட்டு ஸ்க்ரூடிரைவர் வேலையல்ல.

ஃபிலிம் போடும்போது ஒரு விஷயம்: பின்கதவில் உள்ள அழுத்துத் தகட்டை நகர்த்தி 120 ரோலுக்கு உரிய '12' நிலையில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் பின்தாளின் அம்புக்குறி உள்ளே இருக்கும் புள்ளிக்கு நேராக வந்ததும் கதவை மூடி, கைப்பிடி தானாக நிற்கும் வரை சுற்றுங்கள். இதையெல்லாம் நிழலில் செய்யுங்கள். சுருள் தளர்ந்துபோனால் ஓரங்களில் வெளிச்சம் புகும்.

கேள்வி (திருநெல்வேலி): 124ஜியின் மீட்டருக்கு ஃபோட்டோ கடையில் 625 அல்கலைன் பேட்டரி வாங்கிப் போட்டேன். முள் நன்றாக ஆடுகிறது. ஆனால் இரண்டு ரோலும் வெளிறிய, மெல்லிய நெகட்டிவாக வந்தன. ஏன்?

முள் ஆடுவதும் சரியாகக் காட்டுவதும் வேறு வேறு. அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்தப் பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அல்கலைன் 1.5 வோல்ட் தருவதால் முள் கூடுதலாக ஏறும். வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் நினைக்கும். அதை நம்பி நீங்கள் அப்பர்ச்சரைச் சுருக்குவீர்கள். அதோடு அல்கலைன் தீரத் தீர வோல்ட்டேஜ் இறங்கிக்கொண்டே போவதால், 'எப்போதும் ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும்' என்ற கணக்கும் உதவாது.

மருந்துக்கடையில் காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 எண் துத்தநாக பேட்டரி 1.4 வோல்ட் சீராகத் தரும். விட்டம் சிறியது, ஆகவே சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டு நடுவில் நிற்கவைக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்து, ஒரு நிமிடம் காற்றுபட விட்டு, பிறகு போடுங்கள். தாளை உரித்தபின் ஒன்றிரண்டு மாதம்தான் உயிர். எடுக்காமல் வைத்திருந்தாலும் தீர்ந்துவிடும். மேல்மூடியைத் திறந்தால் மீட்டர் ஓடத் தொடங்கும், எனவே வேலை முடிந்ததும் மூடிவையுங்கள்.

ஒளியுணரியும் வயதாகி மங்கியிருக்கலாம். நிழலில் ஒரு சாம்பல் நிறச் சுவரை ஃபோனில் உள்ள லைட் மீட்டர் செயலியாலும் இதாலும் அளந்து பாருங்கள். வெயிலில் ஒரு வித்தியாசம், நிழலில் வேறு வித்தியாசம் என்று காட்டினால் கேமரா மீட்டரை மறந்துவிட்டு ஃபோனையே வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டருக்குப் பேட்டரியே தேவையில்லை.

கேள்வி (மதுரை): அப்பாவை வெள்ளைச் சட்டை, வேட்டியில், சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்தேன். சட்டையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. முகம் மட்டும் கறுப்புத் திட்டு. மீட்டர் காட்டியபடிதான் வைத்தேன். அவர் மாநிறத்துக்கும் கறுப்பு.

மீட்டருக்கு முகம் எது, சுவர் எது என்று தெரியாது. தன் பார்வையில் பட்ட மொத்தத்தையும் நடுச்சாம்பலாக்கும் எக்ஸ்போஷரைச் சொல்லும், அவ்வளவுதான். உங்கள் காட்சியில் முக்கால்வாசி வெள்ளை. அதைச் சாம்பலாக்க அது இரண்டு ஸ்டாப் குறைத்தது. அதற்குக் கீழே இருந்த முகத்துக்கு ஃபிலிமில் எதுவுமே பதியவில்லை. மீட்டர் 1/125, எஃப் 11 என்று சொல்லியிருந்தால், அந்த முகத்துக்கு வேண்டியது 1/125, எஃப் 5.6.

எளிய வழி, மீட்டரை முகத்துக்கு 20, 30 சென்டிமீட்டர் அருகே கொண்டுபோய், உங்கள் நிழல் விழாமல், வெளிச்சம் குறைந்த பக்கக் கன்னத்தை அளப்பது. கறுத்த முகம் என்றால் அந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்துவிட்டு எடுங்கள். நிழல்பக்கம் கறுப்பாகவே இருக்கும், ஆனால் தோலின் வரிகள் தெரியும். அருகே போக முடியாவிட்டால், அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நம்மில் யார் எந்த நிறமானாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே வெளிர்ப்புதான். நடுச்சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் அதிகம்.

இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் போன்ற 400 வேக (வேகம் என்பது ஒளியுணர்திறன், ஐ.எஸ்.ஓ. எண்) ஃபிலிமை 250 என்று மீட்டரில் வைத்துப் பழகுங்கள். இந்த ஃபிலிம் இரண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கும்; ஒரு ஸ்டாப் குறைந்தால் நிழல் போனது போனதுதான், எந்த டெவலப்பரும் அதை மீட்காது. முகம் எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பிரிண்ட் போடும்போது முடிவு செய்யலாம். அதற்கு நெகட்டிவில் ஏதாவது இருந்தாக வேண்டும்.

பவுடர் பூசி உட்காரவைக்கும் பழைய ஸ்டூடியோ வழக்கத்தை விட்டுவிடுங்கள். கறுத்த தோலின் மேல் பவுடர் ஃபிலிமில் சாம்பல் பூசியதாகத்தான் தெரியும். துண்டால் வியர்வையை ஒற்றி எடுத்தால் போதும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மிஞ்சும் மினுமினுப்புதான் கறுத்த முகத்துக்கு உருவம் கொடுக்கிறது; அதைத் துடைத்து வெளுக்கவைத்தால் முகம் தட்டையாகிவிடும்.

கேள்வி (தஞ்சாவூர்): ஸ்டூடியோ விளக்கு எதுவும் இல்லை. வீட்டில் எங்கே உட்காரவைத்து எடுக்கலாம்?

திண்ணை இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். வெயில் நேரடியாக விழாத பக்கமாக, காலை ஒன்பதுக்கு மேல் எடுங்கள். ஆளை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி உட்காரவையுங்கள். விளிம்பிலேயே இருந்தால் மேலிருந்து வெளிச்சம் விழுந்து கண்குழி இருண்டுவிடும். உள்ளே நகர நகர வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்ந்து வந்து கண்ணுக்குள் போகும். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முகத்தைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

திண்ணை இல்லாத வீட்டில் ஜன்னல். கண்ணாடியும் கம்பியும் நிழல் விழாதபடி பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி நாற்காலி போடுங்கள். எதிர்ப்பக்கம் முகத்திலிருந்து முக்கால் மீட்டரில் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்துங்கள். சினிமாக்காரர்களும் இதைத்தான் பிடிக்கிறார்கள். வெளிச்சப் பக்கக் கன்னத்தையும் நிழல் பக்கக் கன்னத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டு ஸ்டாப் வித்தியாசம் அழகாக வரும். மூன்றைத் தாண்டினால் அட்டையைக் கிட்டே கொண்டுவாருங்கள். ஃபிலிமை 250 என்று வைத்தால் இத்தகைய ஜன்னல் வெளிச்சத்தில் 1/60, எஃப் 4 அருகில் காட்டும். ட்ரைபாடு, கேபிள் இரண்டும் வேண்டும். நாற்காலிக்கு முதுகு இருக்கட்டும். ஸ்டூலில் உட்காரும் ஆள் முன்னும் பின்னும் ஆடுவார், ஃபோகஸ் தப்பும்.

கேள்வி (கும்பகோணம்): அம்மா வைத்திருந்த பெரிய குங்குமப் பொட்டு படத்தில் மங்கிப்போய் நெற்றியோடு கலந்துவிட்டது. பாட்டி காலத்துப் படங்களில் பொட்டு கன்னங்கரேலென்று இருக்கிறதே, எப்படி?

பாட்டி காலத்து ஃபிலிமுக்கும் கண்ணாடித் தட்டுக்கும் சிவப்பு தெரியாது. ஆர்த்தோகுரோமாட்டிக் என்று பெயர். நீலமும் பச்சையும் மட்டும் பதியும், சிவப்பு எல்லாம் கறுப்பாகும். இன்றைய ஹெச்பி5, ட்ரை-எக்ஸ் போன்றவை பான்குரோமாட்டிக்; எல்லா நிறமும் பதியும். நம் தோல் சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பியனுப்பும், குங்குமமும் அப்படியே. இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழுவதால் பொட்டு காணாமல் போகிறது. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்தால் இன்னும் மோசம், அதில் சிவப்புதான் அதிகம்.

பொட்டைத் திரும்பக் கொண்டுவர மஞ்சள்பச்சை ஃபில்டர் போடுங்கள். சிவப்பைத் தடுத்துவிடும். பொட்டு கறுக்கும், உதட்டின் விளிம்பு தெளியும், விபூதி பளிச்சென்று நிற்கும். தோலும் சற்றுக் கறுக்கும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரில் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். 124ஜியின் மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, அதனால் இந்த இரண்டு ஸ்டாப்பை நீங்களேதான் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபில்டர் கீழ் லென்ஸில் போக வேண்டும். மேலே மாட்டிவிட்டு, பச்சையாகத் தெரிவதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஃபிலிமில் ஒரு மாற்றமும் இருக்காது.

சிவப்பு ஃபில்டரை முகத்துக்குப் போடவே போடாதீர்கள்; பொட்டு அழிந்தேபோகும், உதடு வெளுக்கும். ஆரஞ்சு ஃபில்டர் தோலின் புள்ளிகளையும் பருவையும் மறைக்கும், கூடவே பொட்டையும். மஞ்சள் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப். வெளியில் எடுத்தால் வானத்தை அடக்கும், முகத்தில் பெரிய மாற்றம் செய்யாது. முகத்தில் மஞ்சள் பூசியிருந்தால் மட்டும் அது வெளிர்ந்து தெரியும்.

பட்டுப்புடவைக்கும் இதே கணக்குதான். அரக்குச் சிவப்பு உடலும் பச்சைக் கரையும் ஃபில்டர் இல்லாமல் ஒரே சாம்பலாக விழுந்து, கரையே இல்லாத புடவைபோல் ஆகிவிடலாம். மஞ்சள்பச்சை ஃபில்டரில் உடல் இருண்டு கரை வெளிரும்.

பாட்டி காலத்துத் தோற்றமே வேண்டும் என்றால் இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் இன்றும் கிடைக்கிறது. பகல் வெளிச்சத்தில் 80, குண்டு பல்பில் 40 என்று வைக்க வேண்டும். தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் தழும்பையும் அது அழுத்திக் காட்டும். எண்பது வயது முகத்துக்கு அது பிரமாதம்; கல்யாணப் பெண்ணுக்கு எடுத்துத் தந்து திட்டு வாங்க வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இரட்டை லென்ஸ் கேமராவில் அருகே போய் எடுத்தால் தலையின் மேல்பகுதி வெட்டுப்படுகிறது. கண்ணும் பல படங்களில் கூர்மையாக இல்லை.

நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக. படம் பிடிப்பது அதற்கு நாலைந்து சென்டிமீட்டர் கீழே உள்ள லென்ஸ். தூரத்தில் இது பொருட்டில்லை. 1 மீட்டரில் உங்கள் சட்டம் மொத்தமே சுமார் 64 சென்டிமீட்டர் சதுரம். அதில் பதினைந்தில் ஒரு பங்கு கீழே நகர்ந்துவிடுகிறது. ரோலைஃப்ளெக்ஸ் கண்ணாடியில் இதைச் சரிக்கட்டும் அசையும் சட்டம் உண்டு, யாஷிகாவில் இல்லை. தலைக்கு மேல் நாலு விரல் இடம் கூடுதலாக விட்டு எடுங்கள். ட்ரைபாடில் நிற்கிறதென்றால், ஃபோகஸ் செய்தபின் நடுத்தண்டை நாலைந்து சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் கணக்கு தீர்ந்தது.

கண் கூர்மைக்கு வருவோம். 1 மீட்டரில் எஃப் 3.5இல் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். எஃப் 5.6இல் சுமார் 9, எஃப் 8இல் 12. மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இருக்கும். ஆள் மூச்சு விட்டாலே எஃப் 3.5 தப்பிவிடும். எஃப் 5.6இல் வையுங்கள். உருப்பெருக்கியைத் தூக்கி, கேமராவுக்குக் கிட்டே உள்ள கண்ணின் இமைமயிரில் ஃபோகஸ் செய்து, இரண்டு மூன்று விநாடிக்குள் அழுத்திவிடுங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நேரம் கடத்தினால் அவர் நகர்ந்திருப்பார்.

கேள்வி (சேலம்): பென்டாக்ஸ் கே1000, 50 மி.மீ. லென்ஸ். முகம் முழுக்க வரும்படி எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது.

லென்ஸின் குற்றமில்லை, தூரத்தின் குற்றம். அரை மீட்டரில் நின்றால் காதைவிட மூக்கு கால் பங்கு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளினால் அது எட்டு சதவீதமாகக் குறையும். 50 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டரில் இடுப்புவரை எடுத்துப் பிரிண்டில் வெட்டிக்கொள்ளுங்கள், அல்லது 135 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ் ஒன்று பழைய சரக்காகத் தேடுங்கள். 85 மி.மீ. நல்லதுதான், விலைதான் எட்டாது.

கேள்வி (சென்னை): குழாய்த் தண்ணீரே 31 டிகிரி. புத்தகமெல்லாம் 20 டிகிரி என்கிறது. வீட்டில் டெவலப் செய்ய முடியுமா?

முடியும். 20ஐப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. 24 டிகிரியில் நில்லுங்கள். ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம். கலக்காமல் பயன்படுத்தினால் 20 டிகிரியிலேயே ஏழரை நிமிடம்தான்; 28க்குப் போனால் நாலு நிமிடத்துக்கும் கீழே இறங்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் ஊற்றும்போது முதலில் நனைந்த இடமும் கடைசியில் நனைந்த இடமும் வேறுபட்டு, முகத்தில் திட்டு விழும். ஆகவே நம் ஊரில் கலந்து பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

ஒரு 120 ரோலுக்குப் பேட்டர்சன் டாங்க்கில் 500 மி.லி. வேண்டும்: 250 ஸ்டாக் (தண்ணீர் கலக்காத டெவலப்பர்), 250 தண்ணீர். அந்தத் தண்ணீரை முந்தின நாளே ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் ஐஸ் தேவைப்படாது. ஸ்டாக்கோடு கலந்து, தெர்மாமீட்டரில் 24 வரும்வரை சரிசெய்யுங்கள். டெவலப்பர், ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர்), கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் நிறுத்தி இரண்டு மூன்று டிகிரிக்குள் வைத்திருங்கள். 24இல் டெவலப் செய்துவிட்டு 31 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஜெலட்டின் ஊதி மணல் மணலாகத் தெரியும்.

ஊற்றியதும் டாங்க்கை மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள், குமிழி போகும். முதல் 10 விநாடியில் நாலு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். அதன்பின் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நாலு முறை. விடாமல் ஆட்டினால் முகத்தின் வெளிச்சப் பகுதி அடைத்துப்போகும். பிறகு ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்) 10 விநாடி, ரேபிட் ஃபிக்சர் ஒன்றுக்கு நாலு கலந்து 3 முதல் 5 நிமிடம். வெறும் ஹைப்போப் படிகம் என்றால் 10 நிமிடம். கழுவுவதற்கு மூன்று முறை புதுத் தண்ணீர் மாற்றி 5, 10, 20 முறை கவிழ்த்தால் போதும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இது பெரிய உதவி.

டெவலப்பர் பொட்டலம் கிடைக்காவிட்டால் டி-76ஐ வீட்டிலேயே கலக்கலாம், ஐடி-11ம் ஏறக்குறைய அதுவேதான். 50 டிகிரி வெந்நீர் 750 மி.லி., மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். கடைசியில் தண்ணீர் விட்டு 1 லிட்டராக்குங்கள். இதே வரிசையில், ஒன்று கரைந்தபின் அடுத்தது. மெட்டாலுக்கு முன் அந்தச் சல்ஃபைட்டில் ஒரு சிட்டிகை மட்டும் போட்டுவிட்டால் மெட்டால் கறுக்காது. சல்ஃபைட்டை மொத்தமாக முதலில் கொட்டினால் மெட்டால் கரைய மறுக்கும். கையுறை கட்டாயம், மெட்டால் பலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும்.

கேள்வி (ஈரோடு): நெகட்டிவில் என்ன தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு வெளிறியும் வருகிறது, பிறை வடிவக் கறைகளும் வருகின்றன.

ஓரத்தில் ஃபிலிம் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும். அதை முதலில் பாருங்கள். எழுத்து கறுப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் வெளிச்சம் போதவில்லை. எழுத்தும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பர் பழசு, நேரம் குறைவு அல்லது சூடு குறைவு. எழுத்து சரியாக இருந்து படமே இல்லையென்றால் ஷட்டர் திறக்கவில்லை அல்லது ஃபிலிம் நகரவில்லை. எழுத்துகூட இல்லாமல் ரோல் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் ஹைப்போவை முதலில் ஊற்றியிருக்கிறீர்கள்.

பிறை வடிவக் கறை, ரீலில் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கியதால் வருவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கறுப்புப் பைக்குள் கை வியர்த்து, பிளாஸ்டிக் ரீல் ஈரமாகி, ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும், தள்ளினால் மடங்கும். ரீலை ஹேர் டிரையரால் முற்றாகக் காயவைத்துவிட்டு, பையை விட்டுவிட்டு, இரவில் இருட்டடித்த அறையில் ஏற்றுங்கள். மாட்டிக்கொண்டால் தள்ளாதீர்கள், டாங்க்கினுள் வைத்து மூடி, கை துடைத்து, பத்து நிமிடம் கழித்துத் தொடருங்கள்.

நெகட்டிவ் காய்ந்தபின் வெள்ளைப் படிவுகள் தெரிந்தால் போர் தண்ணீரின் உப்பு. கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டரில் வெட்டிங் ஏஜெண்ட் இரண்டரை மி.லி. விட்டு ஊறவைத்து, துடைக்காமல் மாட்டிவிடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): ஊட்டி தொழிற்சாலையின் 'இந்து' கறுப்பு வெள்ளை 120 ரோல் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. எடுக்கலாமா?

இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த நிறுவனம். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் பல அதன் சரக்கை நம்பி ஓடியவை. ரோல் வேலை செய்யக்கூடும். பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் என்பது பொதுக்கணக்கு: உறையில் 100 என்று இருந்து, தேதி முடிந்து முப்பது வருடம் என்றால் 12 என்று வைத்து எடுங்கள். அடிமூட்டம் (வெளிச்சம் படாத இடத்திலும் படியும் சாம்பல்) ஏறியிருக்கும்; பின்தாளின் எண்கள் வானத்திலோ கன்னத்திலோ அச்சாகவும் கூடும். திண்ணையில் பூனையை எடுத்துப் பாருங்கள். இன்னொரு முறை உட்காரவைக்க முடியாத ஒரு முகத்துக்கு இதைப் போடாதீர்கள்.

கேள்வி (பெங்களூரு): ராத்திரி ட்யூப்லைட்டில் எடுக்க ஃபிலிமை 800 என்று வைத்தால் போதுமா?

800 என்று வைத்துக் கூடுதல் நேரம் டெவலப் செய்யலாம். ஹெச்பி5க்கு ஐடி-11 கலக்காமல் 20 டிகிரியில் பத்தரை நிமிடம். வெளிச்சப் பகுதிதான் ஏறும், நிழல் ஏறாது. தலைக்கு மேல் ட்யூப்லைட் இருந்தால் கண்குழி இரண்டும் ஓட்டையாகிவிடும். அதை அணைத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை முகத்துக்கு ஒரு மீட்டரில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் பிடியுங்கள். மீட்டர் 1/30, எஃப் 3.5 அருகே காட்டும். ட்ரைபாடு இல்லாமல் நடக்காது.

கேள்வி (கோவை): ஸ்கேன் செய்யாமல் கையால் பிரிண்ட் போட ஆசை. முகப்படத்துக்கு எப்படித் தொடங்குவது?

மல்டிகிரேடு ஆர்.சி. (பிளாஸ்டிக் பூசிய) பேப்பர், கிரேடு 2 ஃபில்டர். கிரேடு எண் கூடக்கூடக் கறுப்பு வெள்ளை வேறுபாடு கூடும். முகத்தின் குறுக்காக ஒரு துண்டுப் பேப்பரை வைத்து 5, 10, 15, 20 விநாடி என்று சோதனைப் பட்டை எடுங்கள். வெளிச்சப் பக்கக் கன்னத்தில் தோல் தெரியும் முதல் நேரம்தான் உங்கள் நேரம். பேப்பர் டெவலப்பர் ஒன்றுக்கு ஒன்பது கலந்து 1 நிமிடம் முழுதாக. 'கறுத்துவிட்டதே' என்று முன்பே எடுத்தால் கறுப்பு கறுப்பாக இராது. ஸ்டாப் பாத் 10 விநாடி, ரேபிட் ஃபிக்சர் 30 விநாடி, ஓடும் தண்ணீர் 2 நிமிடம். நிழல் கறுக்காமல் சாம்பலாக நின்றால் கிரேடு 3க்குப் போங்கள். கண்குழி மட்டும் இருண்டால், மெல்லிய கம்பியில் ஒட்டிய பட்டாணி அளவு அட்டையால் அந்த இடத்தை 15 விநாடியில் 2 விநாடி மறையுங்கள். கையை அசைத்துக்கொண்டே இருங்கள். நிறுத்தினால் கண்ணைச் சுற்றி வெளிர்வளையம் விழும், அதைப் பென்சிலால் தீட்டித்தான் மறைக்க வேண்டிவரும்.